ஆம்புலன்ஸ் டூட்டியில் அரை மணி நேர ஓய்வைக் கேட்டு வாங்குவது எப்படி

திருத்துறைப்பூண்டிப் பக்கம் 11 வருடமாக ஆம்புலன்ஸில் இஎம்டியாக, அதாவது அவசர மருத்துவ உதவியாளராக வேலை பார்க்கிறேன். நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆக்சிஜன், ரத்தக்கொதிப்பு, டிரிப்ஸ் எல்லாம் பார்க்கிற ஆள். இதுவரை இரண்டு இடங்களில் வேலை பார்த்திருக்கிறேன். இரண்டின் பெயரும் இங்கே வேண்டாம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் மாதத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்களை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

ஒரு தை மாதம், சம்பா அறுவடை நேரம். இரவு 8 மணிக்கு டூட்டி ஏறினோம். முதலில் முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு பிரசவ வலி. அதை இறக்கிவிட்டு வருவதற்குள் ஒரு பைக் விபத்து. நள்ளிரவுக்கு மேல், மூச்சுத் திணறலோடு ஒரு பெரியவரைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ரெஃபர் செய்தார்கள். மன்னார்குடி வழியாக 60 கிலோமீட்டருக்கு மேல். அவரை ஒப்படைத்து, எங்கள் ஸ்ட்ரெச்சர் திரும்பக் கைக்கு வரும்போது விடிகாலை 5 மணி. வடுவூர் தாண்டியதும் நல்ல பனி. ரோட்டில் ஒரு பாதியை நெல் காயப்போட்டுக் கல்வைத்து மறித்திருந்தார்கள். வண்டி மெல்ல இடது பக்கம் சாய்ந்ததை உணர்ந்து நான் கத்தினேன். வாய்க்கால் கரையில் ஒரு புளியமரத்துக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. டிரைவர் அண்ணன் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “தங்கச்சி, நான் தூங்கிட்டேன்” என்றார். அவருக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. வண்டியில் நோயாளி இல்லை என்பதை நினைத்து நினைத்து அன்று அழுதேன்.

விசாரணை வந்தது. அந்த இரவு எங்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வு கிடைத்திருக்கிறது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். எப்படி என்று கேட்டால், வண்டி ஓடாமல் நின்ற நேரம் எல்லாம் ஓய்வாம். கேஷுவாலிட்டி வாசலில் ஸ்ட்ரெச்சருக்காகக் காத்து நின்றது, டீசல் போட்டது, வண்டிக்குள் ரத்தத்தைக் கழுவியது, அடுத்த அழைப்புக்காகச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தது எல்லாம் அதில் சேர்ந்திருந்தது. எங்களிடம் மறுத்துச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

அதனால் முதல் வேலை, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். சட்டைப்பையில் அடங்கும் சின்ன நோட்டு போதும். டிரிப் ஷீட் நிறுவனத்துடையது, அதை வாங்கி வைத்துக்கொள்வார்கள், நோட்டு உங்களுடையது. டூட்டி ஏறிய நேரம், ஒவ்வொரு அழைப்பும் வந்த நேரம், நோயாளியை ஒப்படைத்த நேரம், ஸ்ட்ரெச்சர் கிடைத்த நேரம், பேஸுக்கு, அதாவது வண்டி வழக்கமாக நிற்கும் இடத்துக்குத் திரும்பிய நேரம், சாப்பிட்ட நேரம், நம்மை மாற்றிவிட வரும் ரிலீவர் உண்மையில் வந்த நேரம். இவ்வளவுதான். அன்றன்றே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்தையும் சேர்த்து எழுதினால் ஒரே மையில் ஒரே கையெழுத்தாக இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். நோயாளியின் பெயரோ நோயோ அதில் வரவே கூடாது. அழைப்பு எண் போதும்.

எது ஓய்வு என்பதில் உங்களுக்கே தெளிவு வேண்டும். நான் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். இந்த அரை மணி நேரத்துக்கு எங்கள் வண்டி அழைப்புக்குக் கிடையாது என்று கன்ட்ரோல் ரூமில் பதிவாகியிருக்கிறதா? டூட்டி போன் என் கையை விட்டுப் போயிருக்கிறதா? எழுந்து தெருமுனை வரை நடந்து போய்வர முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் நோட்டில் ‘ஓய்வு’ என்று எழுதுவேன். மற்றதெல்லாம் ‘காத்திருப்பு’.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கும் மேற்பார்வையாளரிடம் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கும் மனிதரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் இருப்பவர் அளவுக்குத் தடுமாறும் என்று ஆராய்ச்சிகளில் அளந்திருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம். பகலில் வயலையும் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு இரவு டூட்டிக்கு வரும் ஒருவர் விடியும்போது எங்கே நிற்கிறார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். குடித்துவிட்டு வந்த டிரைவரிடம் யாரும் சாவியைக் கொடுக்க மாட்டார்கள்.

இனி சட்டம். 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், கட்டணத்துக்கு ஆட்களையோ சரக்கையோ ஏற்றும், 5 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கானது. டிரைவர் மட்டுமல்லாமல் வண்டியோடு போகும் உதவியாளரும் அதில் தொழிலாளர்தான். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்குள் குறைந்தது அரை மணி நேர ஓய்வு வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்குமுன் 9 மணி நேரம் இடைவெளி. ஏழு நாளில் ஒரு நாள் விடுமுறை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-வது பிரிவும் டிரைவர்களின் வேலை நேரத்துக்கு இந்தச் சட்டத்தைத்தான் காட்டுகிறது. அவசரத்துக்கும் எதிர்பாராத தாமதத்துக்கும் மாநில அரசு விலக்குத் தரலாம் என்று அதே பிரிவில் ஒரு வரி உண்டு. “நாம் அவசர சேவை, நமக்கு நேரமெல்லாம் கிடையாது” என்று யாராவது சொன்னால், அப்படி விலக்கு அளித்த அரசு உத்தரவின் நகலைக் கேளுங்கள். கோபப்படாமல் கேளுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 1961 சட்டம் இப்போது பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய தொகுப்பில் அடங்கிவிட்டது. அதிலும் நாளுக்கு 8 மணி நேரம்தான், வாரத்துக்கு 6 நாள்தான். கூடுதல் நேரம் பார்க்க உங்கள் சம்மதம் வேண்டும், அதற்கு இரட்டைச் சம்பளம். இடைவேளை எவ்வளவு என்பதை மட்டும் விதிகளுக்கு விட்டிருக்கிறார்கள். மாற்றம் முடியும் வரை பழைய சட்டங்களின் உரிய பகுதிகள் தொடரும் என்று மத்திய அரசு அப்போது அறிவித்தது. நிறுவனத்துக்கு மனு எழுதும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொண்டு எழுதுவது நல்லது. வேலை நியமனக் கடிதம் எல்லோருக்கும் தர வேண்டும் என்பதும் புதிய சட்டத்தில் இருக்கிறது. கையில் அது இல்லாதவர்கள் முதலில் அதைக் கேளுங்கள். உங்கள் முதலாளி யார், ஒப்பந்தக்காரரா மருத்துவமனையா என்பதே அதைப் பார்த்தால்தான் தெரியும்.

இரட்டைச் சம்பளம் என்பதைச் சும்மா கடந்து போகாதீர்கள். மாதம் 18,000 ரூபாய் என்று வையுங்கள். 26 நாளுக்கு வகுத்தால் நாள் கூலி சுமார் 692, மணிக்கு 86.50. 12 மணி நேர டூட்டியில் 4 மணி நேரம் கூடுதல். மணிக்கு 173 வீதம் 692 ரூபாய். அதாவது ஒவ்வொரு 12 மணி நேர டூட்டிக்கும் இன்னொரு முழு நாள் சம்பளம் சேர வேண்டும். இந்தக் கணக்கை நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுக் காட்டியபோது எங்கள் டிரைவர் அண்ணன் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

சரி, ஓய்வை எப்போது கேட்பது? கேஸ் கையில் இருக்கும்போது அந்தப் பேச்சே வேண்டாம். ஒருமுறை மத்தியானச் சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கப்போகும்போது அழைப்பு. தரையில் படுத்துத் தூங்கிய பதினாறு வயதுப் பெண், விடிகாலையிலிருந்து வயிற்றுவலி என்று வீட்டில் கஷாயம் கொடுத்திருக்கிறார்கள், இப்போது கண் இமை தூக்க முடியவில்லை என்றார்கள். கட்டுவிரியனாக இருக்கும் என்று கேட்டவுடனே பட்டது; அது கடித்தால் பல் பட்ட இடம்கூடச் சரியாகத் தெரியாது. சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு ஓடினோம். போகிற வழியிலேயே மூச்சு தளர்ந்தது. பை வைத்து மூச்சுக் கொடுத்துக்கொண்டே போய்ச் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டாள். அப்படிப்பட்ட நேரத்தில் இடைவேளை என்று சொல்கிறவர் இந்த வேலையில் யாரும் இல்லை. அது மேலே இருப்பவர்களுக்கும் தெரியும், அதைச் சொல்லியே நம் வாயை அடைப்பார்கள்.

கேட்க வேண்டிய நேரம், நோயாளியை ஒப்படைத்த உடனே, பேஸுக்குக் கிளம்புவதற்கு முன். அடுத்த அழைப்பு வந்துவிட்டால் பேச முடியாது. நான் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்வது இதுதான்: “சார், ஹேண்ட்ஓவர் முடிந்தது, மணி 2.10. டூட்டி ஏறியது 8 மணி, இதுவரை இடைவேளை இல்லை. 2.15 முதல் 2.45 வரை இடைவேளை என்று பதிவு செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் எந்த வண்டி இருக்கிறது?” கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஊருக்கு வண்டி இல்லாமல் போகக் கூடாது என்ற கவலை நமக்கும் இருக்கிறது என்பது அதில் தெரியும். முடியாது என்றால் சண்டை போட வேண்டாம், “அப்படியானால் எத்தனை மணிக்குத் தருவீர்கள்?” என்று கேட்டு, பதிலையும் நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். அந்தப் பக்கம் பேசுகிற பிள்ளையும் டூட்டியில் இருக்கிற ஆள்தான்.

பெண்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் பேஸ் பல வருடம் ஒரு தகரக் கொட்டகை. கழிப்பறை கிடையாது. சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை, அது என் தப்பு. துணிக்கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. கழிப்பறை கேட்க நாம் கூச வேண்டியதில்லை. மனுவில் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

மனுவை ஒருவராக எழுதாதீர்கள். தனியாக எழுதினால் அடுத்த வாரம் உங்களுக்கு மட்டும் வேதாரண்யத்துக்கு மாற்றல் வரும். நாங்கள் ஏழு பேர் கையெழுத்துப் போட்டோம், டிரைவர்களும் இஎம்டிகளும் சேர்ந்து. ஒரே பக்கம். “கீழே கையெழுத்திட்ட நாங்கள் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை 30 நாட்களில் பார்த்த வேலை நேரத்தை இணைத்துள்ளோம். இதில் இத்தனை டூட்டிகளில் 5 மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை செய்திருக்கிறோம். ஒவ்வொரு டூட்டியிலும் அரை மணி நேர இடைவேளையைக் கன்ட்ரோல் ரூமில் பதிவு செய்யவும், பேஸில் கழிப்பறையும் படுக்க இடமும் தரவும், கூடுதல் நேரச் சம்பளத்தைக் கணக்கிட்டுத் தரவும் கேட்டுக்கொள்கிறோம்.” இப்படித்தான் எழுதினோம். கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. புளியமரக் கதையைச் சேர்க்கலாமா என்று யோசித்தோம், அண்ணன் வேலைக்கு ஆபத்து என்று விட்டுவிட்டோம். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம்.

ஒரு மாதம் பதில் இல்லை. அப்புறம் மாவட்டத் தலைநகரில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனோம். போகும்போது மனுவின் நகல், ஒப்புகை அட்டை, நியமனக் கடிதம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, நோட்டின் நகல் எல்லாம் இரண்டு இரண்டு செட்டாக இருக்கட்டும். ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாமல் திரும்பி வராதீர்கள். இன்னொரு வழி, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே கொடுத்தாலும் உரிய துறைக்கு அனுப்புவார்கள், மனு எண் கிடைக்கும். விஷயம் சமரசப் பேச்சுக்குப் போய்விட்டால், அது நடக்கும்போது அந்தப் பிரச்சினை தொடர்பான வேலை நிபந்தனைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. 1947-ன் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த பாதுகாப்பு இது, புதிய தொழில் உறவுத் தொகுப்பிலும் இருக்கிறது.

எங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். 8 மணி நேர ஷிஃப்ட் இன்னும் கிடைக்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம். அரை மணி நேர இடைவேளை பதிவாகிறது. பத்து டூட்டியில் ஏழு எட்டில் உண்மையாகவே கிடைக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் கழிப்பறைச் சாவி ஒன்று எங்கள் வண்டியில் தொங்குகிறது. விடிகாலை 3 மணிக்கு மேல் தஞ்சாவூர் வரை போன வண்டி, திரும்புமுன் அங்கேயே 20 நிமிடம் கண் மூடிக்கொள்ளலாம் என்று வாய்மொழியாக ஒத்துக்கொண்டார்கள். இதை எழுத்தில் வாங்க வேண்டும். எழுந்தவுடன் சாவியைத் தொடாமல் முகம் கழுவி ஒரு கால் மணி நேரம் போன பிறகு ஓட்டச் சொல்வேன். தூக்கக் கலக்கம் கலைய அவ்வளவு நேரம் வேண்டும்.

திருவிழா, புயல் டூட்டிக்கு மட்டும் தனியாக எழுதி வாங்குங்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-ல் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை கடற்கரைச் சாலை முழுக்க நடைப்பயணக் கூட்டம், ஒரு கிலோமீட்டர் போக அரை மணி ஆகும். 2018 நவம்பர் 16-ல் கஜா கரையேறியபோது மரம் வெட்டி வழி பண்ணிக்கொண்டே போனோம், ரிலீவர் வர வழியே இல்லை, இரண்டு நாள் அதே சட்டை. அந்த இரண்டு நாளை யாரும் குறையாகச் சொல்லவில்லை. அதற்கு ஈடான ஓய்வு நாளைத்தான் கேட்டோம், அது யார் கணக்கிலும் இல்லை என்றார்கள். அதனால் திருவிழாவுக்கு ஜூலை மாதமே, புயலுக்கு ஐப்பசி பிறக்குமுன்னே, மாற்று ஆள் யார், ஈட்டு விடுமுறை எந்தத் தேதிகளில் என்று கேட்டுக் கடிதம் கொடுத்துவிடுங்கள். கொடுத்த தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.