ஐந்தாம் சார்லஸின் கதையை ஒரு மணி நேரத்தில் சொல்வது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு வரலாறு சொல்லி வருகிறேன். ஐந்தாம் சார்லஸைப் பற்றி முதன்முறை பேசியபோது, 1500இல் கெண்ட் நகரில் அவர் பிறந்ததில் தொடங்கிப் போர்களை வரிசையாக அடுக்கினேன். இருபது நிமிடத்தில் பின்வரிசை முழுவதும் மின்விசிறியை அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிட்டது. அதன்பின் மாற்றியமைத்த முறையையே இங்கே தருகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுங்கள். ஸ்பெயினுக்கு முதலாம் கார்லோஸும் புனித ரோமானியப் பேரரசுக்கு ஐந்தாம் சார்லஸும் ஒரே ஆள்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால், மாணவர்கள் இரண்டு மன்னர்களைக் கற்பனை செய்துகொள்வார்கள்.

கதையை முடிவிலிருந்து தொடங்குங்கள். 1555 அக்டோபர் 25 அன்று பிரசல்ஸ் அரண்மனை மண்டபத்தில், கீல்வாதத்தால் நடக்க முடியாத 55 வயதுப் பேரரசர், இளைஞரான ஆரஞ்சு இளவரசர் வில்லியமின் தோளைப் பிடித்தபடி உள்ளே வருகிறார். ஜெர்மனிக்கு ஒன்பது முறை, ஸ்பெயினுக்கு ஆறு முறை, இத்தாலிக்கு ஏழு முறை, நெதர்லாந்துக்குப் பத்து முறை எனத் தம் பயணங்களை அவையின் முன் எண்ணிச் சொல்லிவிட்டு, நெதர்லாந்து ஆட்சியை மகன் பிலிப்பிடம் ஒப்படைக்கிறார். அவையில் பலர் அழுகிறார்கள். அவ்வளவு பெரிய ஆட்சியை ஒருவர் ஏன் தாமாகவே விட்டுப் போனார் என்ற கேள்வியை மாணவர்களே கேட்கும்வரை காத்திருங்கள். மீதிப் பேச்சு முழுவதும் அதற்கான விடையாக அமைந்துவிடும்.

அடுத்துக் கரும்பலகையில் நான்கு தாத்தா பாட்டிகளை எழுதுங்கள். தாய்வழிப் பாட்டி இசபெல்லாவிடமிருந்து காஸ்டிலும் அமெரிக்க நிலங்களும், தாத்தா பெர்டினாண்டிடமிருந்து அரகோனும் நேப்பிள்ஸும் சிசிலியும், தந்தைவழிப் பாட்டி மேரியிடமிருந்து நெதர்லாந்துப் பகுதிகளும், தாத்தா மாக்சிமிலியனிடமிருந்து ஆஸ்திரியாவும் அவருக்கு வந்து சேர்ந்தன. ஒரே துரை பல தோட்டங்களைப் பார்த்ததைப் போல என்று நான் ஒப்பிடுவதுண்டு; ஆனால் தோட்டத்தில் துரை சொன்னால் சொன்னதுதான், இவரோ ஒவ்வொரு நாட்டிலும் அந்த நாட்டு மன்றத்திடம் பணம் கேட்டு நிற்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பேரரசர் பட்டம் மட்டும் பரம்பரையாக வந்ததன்று. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிருந்த ஏழு தேர்வாளர்களின் வாக்கை 1519இல் பெற ஏறத்தாழ 850,000 புளோரின் செலவானது. அதில் பாதிக்கும் மேற்பட்ட தொகையைக் கடனாகக் கொடுத்தது ஆக்ஸ்பர்க் நகரின் பூகர் குடும்பம். கடன் என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்லுங்கள். ஆட்சிக் காலம் முழுவதும் அது அவரைத் துரத்தியது.

நம் மாணவர்கள் நிமிர்ந்து உட்காரும் இடம் மலாக்கா. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபோது அந்தப் படையில் இருந்த கடலோடி மகெல்லன், அங்கே கிடைத்த என்ரிக்கே என்ற அடிமை இளைஞனை உடன் கொண்டுசென்றார். பின்னர் சார்லஸின் ஆதரவோடு 1519இல் ஐந்து கப்பல்களில் அவர் புறப்பட்டபோது என்ரிக்கேயும் சென்றான். 1521இல் பிலிப்பைன்ஸ் தீவுகளில் அவன் பேசிய மலாய் அங்கிருந்தவர்களுக்குப் புரிந்தது. உலகை முதலில் சுற்றியவன் அவனே என்று மட்டும் அடித்துச் சொல்லாதீர்கள். அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு அவனைப் பற்றிய தடயம் இல்லை. 1522இல் ஒரே கப்பல் 18 பேருடன் திரும்பியது. நறுமணப் பொருள்களுக்காக இவ்வளவு பாடுபட்டுத் தேடிய மொலுக்கஸ் தீவுகள் மீதான உரிமையை, 1529இல் 350,000 டுக்கட்டுக்குப் போர்த்துக்கலிடம் சார்லஸ் விட்டுக்கொடுத்தார். காரணம், மறுபடியும் பணமுடை.

பிரான்ஸுடனும் உஸ்மானியருடனும் நடந்த போர்களுக்குப் பத்து நிமிடம் போதும். கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்து நின்ற லூதரை 1521இல் வோர்ம்ஸ் அவையில் நேருக்கு நேர் கண்டவர், 1547இல் மூல்பெர்க்கில் லூதர் வழிவந்த புராட்டஸ்டண்ட் படையை வென்றும், ஜெர்மனியில் அந்தச் சமயப் பிரிவுக்கும் இடமளித்த ஆக்ஸ்பர்க் உடன்பாட்டை 1555இல் தடுக்க முடியவில்லை என்பதை மட்டும் விடாதீர்கள். தொடக்கக் கேள்விக்குப் பாதி விடை அதில் இருக்கிறது.

1542ஆம் ஆண்டுப் புதிய சட்டங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். அமெரிக்கப் பழங்குடியினரை அடிமைகளாக்குவதைத் தடைசெய்த அச்சட்டங்கள், அவர்களின் உழைப்பைக் குடியேறிகள் வாரிசுரிமையாக வைத்துக்கொள்வதையும் நிறுத்த முயன்றன. பெருவில் குடியேறிகள் கிளர்ந்து அரசப் பிரதிநிதியையே கொன்றார்கள். வாரிசுரிமைக்கான தடையை 1545இல் சார்லஸ் திரும்பப் பெற்றார். பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகள் இந்த இடத்தில் கேட்கும் கேள்விகள் எந்தப் பாடநூலிலும் இருக்காது, அவசரப்படுத்தாதீர்கள்.

ஸ்பெயினின் யூஸ்தே மடத்தருகே 1558 செப்டம்பர் 21 அன்று அவர் இறந்ததைக் கடைசியில் சொல்லுங்கள். பாதுகாக்கப்பட்டிருந்த அவருடைய விரல் துண்டு ஒன்றைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் அதில் மலேரியாக் கிருமியைக் கண்டார்கள். மண்டபத்தில் பெரியவர்கள் இருந்தால், மலேரியாவுக்குக் கொயினா மாத்திரை விழுங்கிய தோட்டத்து நாள்களைப் பற்றி அவர்களைப் பேசவிடுங்கள். அந்த மருந்தைத் தரும் சிங்கோனா மரம் சார்லஸ் ஆண்ட ஆண்டிஸ் மலைகளிலேயே வளர்ந்துகொண்டிருந்தது. அதன் பட்டை ஐரோப்பாவை எட்டியதோ பதினேழாம் நூற்றாண்டில்.