பித்தப்பை அறுவைக்குப் பின் புது வலிநிவாரணி: வார்டில் சோதிக்கும் முறை

லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவையில்) பித்தப்பையை எடுத்தவருக்கு வலி மூன்று வழியில் வரும்: போர்ட் எனும் கருவிக்குழாய் போட்ட துளைகள், பித்தப்பை ஒட்டியிருந்த கல்லீரல் பக்கத்து உள்வலி, வயிற்றுக்குள் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துவதால் எழும் தோள்பட்டை வலி. துளையைச் சுற்றிப் போடும் மருந்து தோளைத் தொடாது. மூன்றையும் ஒரே எண்ணில் அடைத்தால், வேலை செய்த மருந்தும் செய்யாததுபோல் தெரியும். படிவத்தில் மூன்று கட்டம் போடுங்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதியும் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவும் முதல் நோயாளியைச் சேர்க்குமுன்பே கையில் இருக்கவேண்டும். வலியை எண்ணால் சொல்லும் 0–10 அளவுகோலை அறுவைக்கு முந்தின நாளே பழக்கிவிடுங்கள். மயக்கம் தெளியும் நேரத்தில் யாருக்கும் பாடம் ஏறாது.

புது மருந்து பெறும் குழு, அதற்குப் பதில் உப்புநீர் பெறும் ஒப்பீட்டுக் குழு, இரண்டுக்கும் பாராசிட்டமால் 1 கிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒப்பீட்டுக் குழுவை வெறும் உப்புநீரோடு விட நியாயமே இல்லை. வாயு அழுத்தமும் எல்லோருக்கும் ஒன்றாக, உதாரணமாக 12 மி.மீ. பாதரசமாக இருக்கட்டும், முடிவில் வாயுவை நன்றாக வெளியேற்றச் சொல்லுங்கள்.

சோதிப்பது புபிவகெயின் (போட்ட இடத்தை மரக்கவைக்கும் மருந்து) என்றால் கணக்கு இப்படி: கிலோவுக்கு 2 மி.கி. என்று வரம்பு வைத்தால் 60 கிலோ எடைக்கு 120 மி.கி., அதாவது 0.25% கரைசலில் 48 மி.லி. இங்கேதான் சறுக்கும். அறுவை மருத்துவர் பழக்கதோஷத்தில் துளைகளில் இன்னொரு 20 மி.லி. போட்டுவிடுவார். வரம்பும் தாண்டும், ஒப்பீடும் கெடும். தியேட்டர் பலகையிலேயே எழுதி வையுங்கள்.

மருந்தை நிரப்புபவர் வலியை அளக்கக்கூடாது. லிப்போசோம் வகை (நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்த) புபிவகெயின் பால்போல் இருக்கும், உப்புநீர் தெளிவாக இருக்கும். சிரிஞ்சைச் சுற்றி மறைக்காவிட்டால் குட்டு உடைந்துவிடும்.

அறுவை முடிந்து 1, 2, 4, 8, 12, 24 மணி நேரத்தில் வலியை அளக்கவேண்டும். முதலில் படுத்தபடி, பிறகு ஒருமுறை இருமச் சொல்லி. அசையாமல் கிடப்பவர் 2 என்பார், இருமினால் 6 ஆகும். "பரவாயில்லைங்க" என்று பதில் வந்தால் நீங்களாக 3 என்று எழுதாதீர்கள்; திரும்பக் கேளுங்கள்.

எண் 4 அல்லது அதற்கு மேல் போனால் டிராமடால் எனும் வலுவான வலிநிவாரணி 50 மி.கி. கொடுங்கள். ஊசியைப் போடுமுன் எண்ணையும் நேரத்தையும் குறியுங்கள். ஊசிக்குப் பின் எண் தானாகவே இறங்கும் என்பதால், 24 மணியில் மொத்தம் எத்தனை மி.கி. சென்றது என்பதையும் ஒப்பிடவேண்டும். தோள்வலி பலருக்கு வீட்டுக்குப் போனபிறகுதான் தலைதூக்கும். 48 மணியில் ஒரு போன் போடுங்கள்.

பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்த நோயாளியைக் கணக்கிலிருந்து நீக்காதீர்கள். ஒதுக்கிய குழுவிலேயே வைத்து, காரணத்தை எழுதுங்கள்.