காய்ச்சலும் பாய்ச்சலும்: தயங்குற விவசாயிய சேத்துக்கிட்டு எப்படி ஆரம்பிக்கிறது

காய்ச்சலும் பாய்ச்சலும்னா, தண்ணிய மிச்சம் பண்ண நெல் வயல்ல எப்பவும் தண்ணி நிக்க விடாம, வடிஞ்சு காஞ்சப்புறம் திரும்ப பாய்ச்சுற முறை. நெல்லுன்னா தண்ணி நிக்கணும்னு காலங்காலமா பாத்து வளந்தவர்கிட்ட போய் வயல காயவிடுங்கன்னு சொன்னா அவர் உடனே தலையாட்ட மாட்டார். ஆட்டவும் கூடாதுங்கிறேன், ஏன்னா நிக்கிற தண்ணி அவருக்கு சும்மா நிக்கல, களைய அமுக்குது, மண்ண இளக்கமா வெச்சிருக்கு, அடுத்த தண்ணி வர லேட்டானா நாலு நாள் பயிர தாங்கிப் பிடிக்குது. இதுல கடைசி விஷயம்தான் பெருசு. தண்ணி எப்ப வரும்னு நிச்சயமா தெரியாதவருக்கு வயல்ல நிக்கிறதுதான் கையிருப்பு. அத வடிய விடச் சொல்றோம், அப்ப அவர் பயப்படுறது நியாயமான பயம். இத விழிப்புணர்வு இல்லன்னு பேர் வெச்சு பேச ஆரம்பிச்சா பேச்சு அங்கயே முடிஞ்சிரும். அதனால அப்பாவையோ பக்கத்து வயல்காரரையோ சம்மதிக்க வைக்க நினைக்கிறவங்களுக்காகவும், பாதி நம்பிக்கையோட தானே இறங்கப் போறவங்களுக்காகவும் இத எழுதுறேன்.

முதல் கேள்வி, தண்ணி யார் கையில இருக்கு? சொந்த போர், சொந்த மோட்டார்னா வேலை ரொம்ப சுலபம், தேவைப்படுறப்போ பாய்ச்சிக்கலாம்ங்கிற தைரியம் இருக்கு, டீசல் மோட்டார்னா மிச்சமாகுறது நேரா பாக்கெட்ல தெரியும். வாய்க்கா தண்ணி, முறை வெச்சு விடுறாங்கன்னா ஒருத்தர் மட்டும் காயவிட்டு பிரயோஜனம் இல்ல, மேல்வயல்காரர் தண்ணி கட்டினா கசிஞ்சு உங்க வயலுக்குத்தான் வரும், இல்ல உங்க முறை தவறிப்போனா பயிர் வாடும். அங்க ஒரு மடைல பாயுற எல்லாரையும் உக்கார வெச்சு பேசணும், வேற வழியே கிடையாது. பிலிப்பைன்ஸ்ல போஹோல் தீவுல அப்படித்தான் பாசனத்துறையே முறை வெச்சு தண்ணி விட்டு பண்ணினாங்க.

ரெண்டாவது கேள்வி இதவிட முக்கியம், மிச்சமாகுற தண்ணியோட லாபம் யாருக்கு போகுது? தண்ணிக்கு நிலத்து அளவ வெச்சுதான் காசுன்னா, கம்மியா பாய்ச்சினாலும் அதே காசுதானே, அவர் ஏன் தினமும் வயல்ல இறங்கி தண்ணி மட்டம் பாக்கணும்? பங்களாதேஷ்ல நிறைய இடத்துல பம்ப்செட்காரருக்கு விளைச்சல்ல நாலுல ஒரு பங்குன்னு கொடுக்குற வழக்கம் இருந்துச்சு, அங்க தண்ணி மிச்சமானா டீசல் மிச்சம் பம்ப் வெச்சிருக்கறவருக்குத்தான், காயவிடுற ரிஸ்க் மட்டும் விவசாயிக்கு. இப்படி இருக்கற இடத்துல பயிற்சி கூட்டம் எத்தனை போட்டாலும் ஆகாது, முதல்ல பம்ப்காரரோட பேசி கூலிய பாய்ச்சுற அளவுக்கு ஏத்த மாதிரி மாத்த முடியுமான்னு பாருங்க.

அடுத்து மண்ணு. தண்ணி விட்ட மறுநாளே உறிஞ்சிடுற மணல் வயல்ல இது கஷ்டம், அடிக்கடி பாய்ச்சிட்டே இருக்கணும். நிலத்தடி நீர் மேலயே இருக்கற பள்ளத்து களிமண்ணுல மட்டம் இறங்கவே இறங்காது, அங்க இந்த முறையே தேவையில்ல. உப்பு மண்ணுன்னா தொடவேண்டாம், காயக்காய உப்பு மேல ஏறும்.

இதெல்லாம் ஒத்து வந்துச்சுன்னா பைப் எடுங்க, மண்ணுக்கு கீழ தண்ணி எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாக்கறதுக்குத்தான் இது. ஒரு பிவிசி பைப், 35லருந்து 40 செமீ நீளம், கை உள்ள போற அகலம். கீழ 20 செமீக்கு சுத்திலும் ஓட்டை போட்டு, அந்த 20 செமீயும் மண்ணுக்குள்ள போற மாதிரி இறக்கி, உள்ள இருக்கற சேத்த வழிச்சு எடுத்துருங்க. வரப்பு ஓரமா, ஆனா வயலோட சராசரி மட்டத்துல இருக்கணும், மேட்டுலயோ பள்ளத்துலயோ வெச்சா பைப் தப்பு கணக்கு காட்டும். வயல் ரொம்ப மேடு பள்ளமா இருந்தா முதல்ல பரம்படிச்சு சமன் பண்ணுங்க. தண்ணி விட்டு கொஞ்ச நேரம் கழிச்சு உள்ளயும் வெளியயும் ஒரே மட்டமா இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஓட்டை அடைச்சிருக்கு, பிடுங்கி கழுவி திரும்ப வைங்க.

நட்டு ரெண்டு வாரம் வரைக்கும் பழையபடியே தண்ணி நிக்கட்டும். களை ஜாஸ்தியா இருக்கற வயல்னா இன்னொரு வாரம் தள்ளிப்போடுங்க, ஏன்னா பயிர் நிழல் கட்டுறதுக்கு முன்ன காயவிட்டா களை முந்திக்கும், அப்புறம் களையெடுக்குற கூலி தண்ணில மிச்சமானத தின்னுரும். விவசாயிங்க கைவிடுறதுக்கு இது பெரிய காரணம், இத முன்னாடியே ஒளிக்காம சொல்லிடணும். அதுக்கப்புறம் 5 செமீ தண்ணி கட்டி, தானா இறங்க விட்டு, பைப்புக்குள்ள மட்டம் மண்ணுக்கு கீழ 15 செமீ இறங்கினதும் திரும்ப 5 செமீ கட்டுங்க. மேல பாத்தா காஞ்சு லேசா வெடிச்ச மாதிரிதான் தெரியும், அப்பதான் வீட்டுல பெரியவங்க மடைய திறக்க கிளம்புவாங்க. அவங்கள கையப்பிடிச்சு கூட்டிட்டு போய் பைப்புக்குள்ள குச்சிய விட்டு பாக்கச் சொல்லுங்க, வேர் இருக்கற இடத்துல ஈரம் இருக்கறது அவங்களுக்கே தெரியும். வாயால சொல்றத விட அந்த குச்சி சொல்றது நல்லா ஏறும். ஆனா வெடிப்பு பெருசாகுற மண்ணுன்னா 15 வரைக்கும் காத்திருக்காதீங்க, 10லயே பாய்ச்சிடுங்க, இல்லன்னா கட்டுற தண்ணியெல்லாம் வெடிப்பு வழியா கீழ போயிரும்.

பூக்குறதுக்கு ஒரு வாரம் முன்னருந்து பூத்து ஒரு வாரம் வரைக்கும் காயவே விடாதீங்க, இதுல சமரசமே கிடையாது, அந்த நேரத்துல தண்ணி குறைஞ்சா பதர் ஆயிரும், ஒரு தடவை பதர் பாத்த விவசாயி இந்த பக்கமே திரும்ப மாட்டார். யூரியா போடுறதுன்னா காஞ்சிருக்கறப்போ போட்டு உடனே தண்ணி கட்டுங்க, உரம் வேர் பக்கம் இறங்கும்.

தண்ணி எங்கருந்து மிச்சமாகுதுன்னு கண்டிப்பா கேப்பாங்க. ஒரு கிலோ நெல்லுக்கு வயலுக்குள்ள போற தண்ணி சராசரியா 2,500 லிட்டர்னு சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்ற கணக்கு, அதுல பயிர் எடுத்துக்கறதும் ஆவியாகுறதும் சேந்து 1,400 லிட்டர் பக்கம்தான், மிச்சம் கீழ இறங்கியும் வரப்புல கசிஞ்சும் போறது. நாம குறைக்கிறது பெரும்பாலும் அந்த மிச்சத்ததான், பயிர் வாயிலருந்து புடுங்கல. சரியா பண்ணினா விளைச்சல் குறையாம 30 சதவீதம் வரைக்கும் தண்ணி குறையும். வயல்ல இருந்து வர்ற, பூமிய சூடாக்குற மீத்தேன் வாயுவும் நல்லா குறையுது, ஆனா அத முதல்ல சொல்லாதீங்க, உலகத்து காத்துக்காக என் பயிர ஏன் காயப்போடணும்னு தோணும், அது தப்பான எண்ணமும் இல்ல.

இன்னொண்ணு, எல்லாத்தையும் ஒரே போகத்துல திணிக்காதீங்க. மடகாஸ்கர்ல 1980கள்ல உருவான ஒத்த நாத்து முறையும் நல்லதுதான், ஆனா சின்ன வயசு நாத்து, அகல இடைவெளி, களைக்கருவி ஓட்டுறதுன்னு நிறைய மாத்தணும், நட்ட முதல் சில வாரம் வயல் காலியா கிடக்கற மாதிரி தெரியும், நடவு ஆளுங்களும் முனகுவாங்க. நேரடி விதைப்புக்கு களைக்கொல்லி கணக்கு தனியா இருக்கு. பைப் மட்டும்னா நாத்து, ரகம், நடவு எதுவும் மாறல, பிடிக்கலன்னா அடுத்த நாளே தண்ணிய கட்டிக்கலாம். பின்வாங்குற வழி இருக்குன்னு தெரிஞ்சா மனுஷன் தைரியமா இறங்குவான்.

அதனால முழு வயலும் வேண்டாம், மோசமாகாத ஒரு துண்டு போதும், பக்கத்துலயே அதே ரகம் அதே நாள்ல நட்ட இன்னொரு துண்டு பழைய முறைல இருக்கட்டும். நடுவரப்ப நல்லா அணைச்சு கட்டுங்க, கசிவு இருந்தா ஒப்பிடவே முடியாது. எத்தனை தடவை பாய்ச்சினோம், மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுச்சு, களைக்கு எத்தனை ஆள்னு ரெண்டுக்கும் தனித்தனியா எழுதி வைங்க, அறுக்கறப்போ தனியா அடிச்சு தனியா எடை போடுங்க. எழுதுறது நீங்களா இல்லாம தயங்கினவரா இருந்தா ரொம்ப நல்லது, அவர் கையெழுத்துல இருக்கற கணக்க அவர் சந்தேகப்பட மாட்டார். எடை குறைஞ்சு வந்துச்சுன்னா பூக்கும்போது காஞ்சதா, களையா, மண்ணான்னு அவரோட சேந்து பாருங்க, மண்ணுதான் ஒத்துவரலன்னு தெரிஞ்சா அந்த வயல பழையபடியே விட்டுருங்க.