ஜப்பான்ல பொது நீச்சல் குளத்துக்குப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஜப்பான் போறவங்க ஒன்சென், அதாவது அங்க இருக்கிற வெந்நீர் ஊற்றுக் குளியல் பத்தி நல்லா படிச்சுட்டுத்தான் போறாங்க, உடம்பைக் கழுவிட்டு இறங்கணும், துணி போடக்கூடாது, அதெல்லாம் அத்துப்படி. ஆனா வேலைக்கோ படிப்புக்கோ போய்த் தங்குறவங்களுக்கு அதைவிட ரொம்ப உதவுற இடம், வார்டோ நகராட்சியோ நடத்துற பொது நீச்சல் குளம்தான். சில நூறு யென் கொடுத்தா ரெண்டு மணி நேரம், குளிர்காலத்துலயும் வெதுவெதுன்னு தண்ணி. அங்க இருக்கிற ரூல்ஸ் பத்தித்தான் யாரும் எழுதக் காணோம், விசில் சத்தம் கேட்டுத்தான் எல்லாரும் கத்துக்கிறாங்க.

முதல் தப்பு, தொப்பி இல்லாம போறது. ஸ்விம்மிங் கேப் கிட்டத்தட்ட எல்லா குளத்துலயும் கட்டாயம், மொட்டை போட்டவருக்கும் சேர்த்துத்தான், "எனக்குத்தான் முடியே இல்லையே"ன்னு வாதாடி பிரயோஜனம் இல்ல. அதே மாதிரி டி-ஷர்ட், காட்டன் ஷார்ட்ஸ் போட்டுட்டு இறங்க விடமாட்டாங்க. நம்ம பொண்ணுங்க நிறைய பேர் டிரெஸ்ஸை நினைச்சே போகாம இருக்காங்க, அது தேவையே இல்லாத கவலை. பகல்ல வர்ற பாட்டிங்களைப் பாருங்க, முழங்கால் வரைக்கும் டைட்ஸ், மேல கை வச்ச டாப், அதுமேல ஜிப் போட்ட ராஷ்கார்டு (நீச்சலுக்கான மேல்சட்டை)ன்னு நீச்சலுக்குன்னே தைச்ச துணில நிம்மதியா நடந்துட்டு இருப்பாங்க. டாட்டூ இருந்தாலும் அந்த ராஷ்கார்டுதான் கை கொடுக்கும், ஆனா மூடினாலும் விடாத இடமும் இருக்கு, முன்னாடியே கேட்டுக்கோங்க.

தலைக்கு எண்ணெய் வச்சுட்டுப் போகாதீங்க ப்ளீஸ். எண்ணெய், மேக்கப், சன்ஸ்கிரீன் எல்லாத்தையும் ஷவர்ல கழுவிட்டுத்தான் இறங்கணும். தண்ணில ஒரு லிட்டருக்கு 0.4 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்கணும்னு அங்க ஒரு கணக்கு இருக்கு, நம்ம எண்ணெயும் வேர்வையும் அந்த குளோரினைத் தின்னுடும். வாட்ச், செயின், வளையல், கம்மல், ஒட்டியிருக்கிற பிளாஸ்டர்கூட கழட்டச் சொல்வாங்க. தாலிச் செயின், மெட்டி கழட்ட மனசு வராதுன்னா கவுன்ட்டர்லயே கேளுங்க, தண்ணில இறங்கின அப்புறம் கூப்பிட்டு சொன்னா நமக்குத்தான் சங்கடம்.

உள்ள போனதும் எந்த லேன்னு பார்க்காம குதிக்கிறது அடுத்தது. குதிக்கவே கூடாது, அது வேற விஷயம், ஆழம் பெரும்பாலும் கம்மியாத்தான் இருக்கும். நடக்கிறவங்களுக்குத் தனி லேன், நிக்காம கடைசி வரைக்கும் நீந்துறவங்களுக்குத் தனி லேன், குழந்தைங்களோட விளையாட ஒரு ஓரம்னு பிரிச்சு போர்டு வச்சிருப்பாங்க. ரோட்டுல நம்மள மாதிரியே இடது பக்கம் போற ஊர்தான், ஆனா குளத்துக்குள்ள பெரும்பாலும் வலது பக்கமாத்தான் போகணும். லேன் நடுவுல நின்னு காகில்ஸ் சரி பண்ணீங்கன்னா பின்னாடி வர்ற தாத்தா வாயத் திறந்து எதுவும் சொல்லமாட்டார், ஆனா சூப்பர்வைசர் வந்துடுவார்.

நிறைய குளத்துல மணிக்கு ஒரு தடவை அஞ்சு பத்து நிமிஷம் எல்லாரையும் மேல ஏறச் சொல்வாங்க, இதுக்குத்தான் நம்மாளுங்க எரிச்சலாவாங்க, "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு"ன்னு இழுப்பாங்க. அந்த நேரத்துல கவனிச்சுப் பாருங்க, லைஃப்கார்ட் ஓரமா மெதுவா நடந்து அடித்தரையைப் பார்த்துட்டே போவார், ஆள் இல்லாத தண்ணில தரைக்கோடு ஒவ்வொண்ணும் தெளிவா தெரியும். இப்படிப் பார்க்கிறது ஏன் முக்கியம்னா, 2006 ஜூலை 31-ம் தேதி சைதாமா மாநிலத்துல ஃபுஜிமினோ நகராட்சிக் குளத்துல தண்ணி உறிஞ்சுற குழாயோட மூடி கழண்டு, ரெண்டாங்கிளாஸ் படிச்ச பொண்ணு ஒண்ணு உள்ள இழுக்கப்பட்டு செத்துப்போச்சு. மூடியை போல்ட் போட்டு முடுக்காம வெறும் கம்பியால கட்டி வச்சிருந்தாங்க, கழண்டது தெரிஞ்சும் குளத்தைக் காலி பண்ணல. அடுத்த வருஷமே நாடு முழுக்க குளங்களுக்குப் பாதுகாப்பு வழிகாட்டுதல் வந்துச்சு. அதனால விசில் ஊதினா ஏறிடுங்க.

முடிச்சுட்டு சொட்டச் சொட்ட டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ள நுழையறது, இதுதான் எனக்குத் தெரிஞ்சு வெளிநாட்டுக்காரங்க அதிகமா பண்ற தப்பு. அந்த ஊர்க்காரங்க சின்ன டவலைக் கைலயே கொண்டுபோய், வாசலுக்கு இந்தப் பக்கமே உடம்பை நல்லா துடைச்சுட்டுத்தான் உள்ள கால் வைப்பாங்க. உள்ளே தரை காய்ஞ்சே இருக்கும், சாக்ஸோட நடக்கலாம். அங்க போனை வெளிய எடுக்காதீங்க, டைம் பார்க்கத்தான் எடுத்தேன்னு சொன்னாலும் எடுபடாது.

லாக்கருக்கு பெரும்பாலும் 100 யென் காசு வேணும், நிறைய இடத்துல அது திரும்பி வந்துடும், ஆனா கைல நோட்டு மட்டும் வச்சுக்கிட்டு நிக்காதீங்க. டயப்பர் போடுற குழந்தையை நிறைய இடத்துல தண்ணிக்குள்ள விடமாட்டாங்க, நீச்சல் டயப்பரும் செல்லாது.

கடைசியா, லீவு நாள் பார்க்காம போறது. பல குளங்கள் பக்கத்துல இருக்கிற குப்பை எரிக்கிற ஆலையோட சூட்டுலதான் தண்ணியைச் சுடவைக்குது, டோக்கியோ இகெபுகுரோல 210 மீட்டர் உயரத்துக்கு வெள்ளையா ஒரு புகைபோக்கி நிக்குமே, அதுக்குப் பக்கத்துலயே இப்படி ஒரு குளம் இருக்கு. ஆலையைப் பராமரிப்புக்கு நிறுத்தினா குளமும் சேர்ந்து மூடலாம். அது இல்லாட்டியும் வாரத்துல ஒரு நாள், வருஷக் கடைசி, ஸ்கூலோ கிளப்போ மொத்தமா புக் பண்ண நேரம்னு எல்லாம் மாச அட்டவணைல போட்டிருப்பாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி வெப்சைட்ல அதை ஒரு தடவை பார்த்துடுங்க.