செவ்வியல், ஜாஸ் கேட்பவர்கள் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரைத் தேர்ந்தெடுக்கும் முறை

பயன்படுத்திய ஆம்ப்ளிஃபையரை விற்பவர்கள் பெரும்பாலும் அதைச் சத்தமாக ஒலிக்கவிட்டுத்தான் காட்டுவார்கள். மேற்கத்திய செவ்வியல் இசையும் ஜாஸும் கேட்பவருக்கு அந்தச் சோதனையால் பெரிய பயன் இல்லை; பழைய கருவியின் குறைகளில் பல தணிந்த ஒலியில்தான் வெளிப்படுகின்றன, இந்த இசைகளின் நுட்பமும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் வாட் கணக்கைத் தீர்த்துவிடலாம். ஒரு வாட் மின்சாரத்தில் ஒரு மீட்டர் தொலைவில் 87 டெசிபெல் ஒலி தரும் ஸ்பீக்கர், 10 வாட்டில் 97, 100 வாட்டில் 107 டெசிபெல் தரும். வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. ஆகவே 40 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு காதுக்கு அற்பமானது. நடுத்தர அளவுள்ள அறையில் சாதாரண ஸ்பீக்கருக்கு, இடம், வலம் ஆகிய இரு சேனல்களும் ஒருசேர இயங்கும்போது 8 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) ஸ்பீக்கரில் சேனலுக்கு 30 முதல் 60 வாட் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய திறன், கிடைத்தால் போதுமானது. பிஎம்பிஓ (விளம்பரத்துக்கான கணநேர உச்சத் திறன்) என்று அச்சிட்ட ஆயிரக்கணக்கான வாட்டுகளைப் பொருட்படுத்தவே வேண்டாம். உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம் வகை என்றால், ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்தில் அந்த அளவுக்கு அனுமதி அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தாளில் உள்ள எண்ணைவிட மின்வழங்கியின் (பவர் சப்ளை) திறம் முக்கியம் என்பதற்கு, 1978இல் வெளிவந்த என்.ஏ.டி. 3020 நல்ல சான்று. சேனலுக்கு 20 வாட் என்று மட்டுமே குறிக்கப்பட்ட அந்த எளிய கருவி, இயக்கக் கடினமான ஸ்பீக்கர்களையும் தடுமாறாமல் இயக்கியதால் பெயர் பெற்றது. ஆனாலும் அத்தகைய புகழ்பெற்ற பழம்பொருளை முதல் கருவியாக வாங்குமாறு நான் சொல்லமாட்டேன். அந்த வயதில், மின்னேற்றத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர்கள் உலர்ந்திருக்கலாம். சில பழைய மாடல்களில் பயன்பட்ட எஸ்டிகே வகை ஒருங்கு சில்லுகளின் (ஒலியைப் பெருக்கும் சுற்று முழுவதும் அடங்கிய சில்லு) உற்பத்தி நின்றுவிட்டதால், மாற்றாகக் கிடைப்பவற்றில் போலிகள் மிகுதி. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு உட்பட்ட யமஹா, டெனான், மராண்ட்ஸ், ரோட்டெல் போன்றவற்றின் நடுத்தர இன்டக்ரேட்டட் (முன்பெருக்கியும் திறன்பெருக்கியும் ஒரே பெட்டியில் உள்ள) மாடல் பகட்டில்லாதது, ஆனால் நிம்மதி தருவது.

நேரில் பார்க்கப் போகும்போது நன்கு பழகிய இரண்டு மூன்று பதிவுகளையும், முடிந்தால் மின்னழுத்தத்தை அளக்கும் ஒரு மல்டிமீட்டரையும் எடுத்துச் செல்லுங்கள். சுவிட்சைப் போட்டதும் சில நொடிகள் கழித்து ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்சான ரிலே உள்ளே ‘டிக்’ என்று சேர வேண்டும். ஸ்பீக்கரில் ‘டொப்’ என்று அடி விழுந்தால் எச்சரிக்கையாக இருங்கள். பாட்டு எதுவும் இல்லாமல் ஸ்பீக்கருக்கு அருகே காதை வைத்துக் கேளுங்கள். மெல்லிய இரைச்சல் இயல்பானது. உள்ளீட்டுக் கம்பிகள் அனைத்தையும் கழற்றிய பிறகும் உறுமல் நீடித்தால் மின்வழங்கியின் கெப்பாசிட்டர்கள் தளர்ந்திருக்கக்கூடும். வால்யூம் குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்புக்கு அஞ்ச வேண்டாம், அது பெரும்பாலும் சுத்தம் செய்தால் போய்விடும். பிறகு இரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் ஒரு மோனோ பதிவை ஒலிக்கவிட்டு ஒலியைப் படிப்படியாகக் குறையுங்கள்: இசை இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவிலேயே நிற்க வேண்டும், ஒரு பக்கம் சாயக்கூடாது.

இதை நான் கற்றது ஒரு தவறான கொள்முதலால். அலுமினிய முகப்பின் அழகில் மயங்கி வாங்கி வந்த ஆம்ப்ளிஃபையரில் முதல் நாள் எல்லாம் சரியாகவே இருந்தது; இரவில் ஒலியைத் தணித்து ஒரு நால்வர் தந்தியிசையைக் கேட்டபோது இடப்பக்க வயலின் மெல்ல மங்கி மறைந்தது, குமிழைச் சற்றுத் தூக்கியதும் ஒன்றும் நடவாததுபோல் திரும்பி வந்தது. ரிலேயின் தொடுமுனைகள் கறுத்துப்போயிருந்தன. புதிய ரிலே போட்ட பிறகே சரியாயிற்று.

மல்டிமீட்டர் இருந்தால், கருவியைப் பத்து நிமிடம் சூடாகவிட்டு, ஸ்பீக்கரைக் கழற்றி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஒவ்வொரு சேனலின் சிவப்பு, கறுப்பு முனைகளுக்கிடையே நேர்மின்னழுத்தத்தை (டிசி வோல்ட்) அளவிடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை; 100ஐத் தாண்டினால் பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

அடுத்துக் காதின் முறை. டபுள் பாஸின் அடித்தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதை விரலால் இழுக்கும் ஒலி தனித்தனிச் சுரமாகக் கேட்க வேண்டும், வீங்கிய முழக்கமாக அல்ல. இசைக்குழுவின் எழுச்சிக்கு ராவேலின் ‘பொலேரோ’வைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை: தொடக்கத்துச் சிறு முரசு தெளிவாகக் கேட்கும்படி ஒலியை வைத்துவிட்டு, குமிழைத் தொடாமல் இறுதிவரை கேளுங்கள். பித்தளைக் கருவிகள் சேரும் இடத்தில் ஒலி கரடாகி ஒன்றோடொன்று கலந்துவிட்டால், அந்த ஆம்ப்ளிஃபையர் உங்கள் ஸ்பீக்கருக்குப் போதாது.

மற்றவை உங்கள் தேவையைப் பொறுத்தவை. இசைத்தட்டு கேட்பவருக்கு, தட்டுச்சுழற்றியை இணைப்பதற்கான ஃபோனோ உள்ளீடு வேண்டும். பழைய ஜாஸ் மோனோ தட்டுகள் இருந்தால் மோனோ பொத்தான் மிக உதவும். 100 அல்லது 120 வோல்ட்டுக்கான கருவியை 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகக்கூடாது, ஆகவே பின்புறத் தகட்டைப் படித்த பிறகே விலை பேசுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும், உங்கள் நல்ல ஸ்பீக்கரை ஒதுக்கி வைத்து, போனாலும் வருந்தாத ஒரு பழைய ஜோடியில் முதல் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.