கடைசி வருஷப் படிப்பும் வேலைத் தேடலும்: எதை எப்போது செய்வது

வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் பிகாம், பிஎஸ்சி, பிசிஏ மூன்றாம் வருஷம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இது. பரீட்சை முடியட்டும், மே மாதம் வேலை தேடிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். கேம்பஸ் ஆள் எடுப்பு பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது செமஸ்டர் ஓடும்போதே நடந்து முடிந்துவிடும்.

முதல் படி, அரியர். ரெஸ்யூமேவுக்கு முன்னால் இதைப் பாருங்கள். ஒரு அரியர் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம் என்று சில கம்பெனிகள் விடும், ஆனால் சேரும்போது எல்லாம் கிளியர் ஆகியிருக்க வேண்டும் என்று ஆஃபர் லெட்டரிலேயே போட்டிருக்கும். மெட்ராஸ் யூனிவர்சிட்டி கணக்கில் இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. இன்டர்னலை முழுசாக வாங்கினாலும் எக்ஸ்டர்னலில் 30 எடுக்காவிட்டால் ஃபெயில்தான். அதனால் பயமுறுத்துகிற பேப்பர் எதுவோ அதற்குத்தான் தினமும் முதல் ஒரு மணி நேரம், வேலை தேடலெல்லாம் அதற்கு அப்புறம்.

இரண்டாவது, காலண்டர். செமஸ்டர் பரீட்சை வழக்கமாக நவம்பரிலும் ஏப்ரலிலும் வரும். ஜூலை முதல் செப்டம்பர் வரையும், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரையும் விண்ணப்பம் போடுங்கள். அக்டோபர் பாதிக்கு மேல் புதுசாக எதுவும் போடாதீர்கள், வந்த அழைப்புக்கு மட்டும் போங்கள். காலை ஷிஃப்ட் படிக்கிறவர்களுக்கு மதியம் கையில் இருக்கிறது, அதைப் பஸ் ஸ்டாப்பில் கரைக்காதீர்கள்.

மூன்றாவதுதான் நிறைய பேர் மாட்டுகிற இடம்: பெயர். பத்தாவது மார்க் ஷீட்டில் 'கார்த்திக் ஆர்', ஆதாரில் 'ஆர் கார்த்திக்', பான் கார்டில் இனிஷியல் விரிந்து 'கார்த்திக் ரமேஷ்'. விண்ணப்பப் படிவமோ கடைசிப் பெயர் என்ன என்று கேட்கும், நமக்கு ஏது கடைசிப் பெயர்? மார்க் ஷீட்டில் இருப்பதை அடிப்படையாக வையுங்கள், கடைசிப் பெயர் கட்டத்தில் இனிஷியலைப் போடுங்கள், ஒற்றை எழுத்தை அது ஏற்காவிட்டால் அப்பா பெயரை முழுசாக. எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி. ஆதாரில் எழுத்தே தப்பாக இருந்தால் லீவிலேயே திருத்திவிடுங்கள். பெயரை வாழ்நாளில் 2 தடவைதான் மாற்ற விடுவார்கள், ஒப்புதல் சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு மார்க் ஷீட்டுகள், போட்டோ, ரெஸ்யூமே, 'நான் முதல்வன்' சான்றிதழ் எல்லாம் போனில் ஒரே ஃபோல்டரில். இது முடிந்தால் ஒரு விண்ணப்பம் டீ ஆறுவதற்குள் முடியும்.

நான்காவது, எங்கே போடுவது. கல்லூரி பிளேஸ்மென்ட் செல், தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையதளம், கிண்டி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் முகாம் (எந்த வெள்ளி என்று அறிவிப்பில் பாருங்கள்). டிகிரி முடித்த கையோடு ஒரு வருஷ அப்ரென்டிஸ் பயிற்சிக்கும் மத்திய அரசின் நாட்ஸ் தளத்தில் பதிந்து வையுங்கள், உதவித்தொகை உண்டு. வாரத்தில் சனிக்கிழமை மட்டும் இதற்கு ஒதுக்கினால் போதும், தினமும் ஆப்பைத் திறந்து பார்ப்பது படிப்பையும் கெடுக்கும், மனசையும் கெடுக்கும். வீட்டில் ஒரே ரூம், நடுவில் டிவி என்றால் கொளத்தூர் முதல்வர் படைப்பகம் பக்கம் போய்ப் பாருங்கள், உட்கார்ந்து படிக்கத் தனி இடம் இருக்கிறது.

ஐந்தாவது, இன்டர்வியூவும் பரீட்சையும் ஒரே நாளில் வந்தால். பரீட்சைக்குத்தான் போக வேண்டும், யோசிக்கவே வேண்டாம். ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். தேதி தெரிந்த அன்றைக்கே ஹெச்ஆருக்கு மெயில்: எந்தத் தேதி எந்தப் பேப்பர், ஹால் டிக்கெட் இணைத்திருக்கிறேன், இந்த இரண்டு நாளில் வர முடியும். மூன்று வரி, அவ்வளவுதான். இன்டர்னல் டெஸ்ட் என்றால் ஹெச்ஓடியிடம் அழைப்புக் கடிதத்தோடு முன்கூட்டியே போய் நில்லுங்கள், பல இடத்தில் வேறு நாள் வைத்துக் கொடுப்பார்கள்.

கடைசியாக ஒன்று: டிரெய்னிங் டெபாசிட், யூனிஃபார்ம் காசு, சீட் பிடித்து வைக்க ஐந்நூறு என்று யாராவது ஜிபே நம்பர் அனுப்பினால், பதில்கூடப் போடாமல் பிளாக் பண்ணிவிட்டுப் புத்தகத்தை எடுங்கள்.