லண்டன் சுரங்க ரயில் பெயர்ப்பலகை எழுத்தைக் கையால் வரையும் முறை

லண்டன் சுரங்க ரயிலின் வணிக மேலாளராக இருந்த ஃபிராங்க் பிக், நிலையத்தின் பெயர் சுவர் விளம்பரங்களுக்கு நடுவே காணாமல் போய்விடக் கூடாது என்று கருதி, எழுத்தணிக் கலைஞர் எட்வர்ட் ஜான்ஸ்டனைக் கொண்டு தனி எழுத்துரு ஒன்றை உருவாக்கச் செய்தார். அது 1916-இல் புழக்கத்துக்கு வந்தது. அதைக் கற்க அளவுகோல், காம்பஸ், பென்சில் போதும். ‘ஓவல்’ (OVAL) நிலையத்தின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் வரைந்து பழகலாம். நான்கே எழுத்துகள்தான் என்றாலும் கவனிக்க வேண்டியவை நிறைய உண்டு.

படி 1: 70 மி.மீ. இடைவெளியில் இரண்டு இணைகோடுகள் இடுங்கள். பெரிய எழுத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்கே கோட்டின் தடிமன் என்பது ஜான்ஸ்டனின் அளவு. ஆகவே நமக்குத் தடிமன் 10 மி.மீ.

படி 2: ‘ஓ’ முழு வட்டம். ஒரே மையத்திலிருந்து 35 மி.மீ., 25 மி.மீ. ஆரங்களில் இரு வட்டங்கள் வரைந்தால் எழுத்து முடிந்தது.

படி 3: அகல விகிதங்களைப் பழைய ரோமானியக் கல்வெட்டுகளிலிருந்து ஜான்ஸ்டன் எடுத்துக்கொண்டார். எனவே ‘எல்’ ஏறத்தாழ அரைச் சதுரத்துக்குள் அடங்கும். ‘வி’, ‘ஏ’ இரண்டும் அதைவிட அகலமானவை. சாய்கோட்டின் தடிமனைக் கிடைமட்டமாக அளக்காமல், கோட்டுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். இல்லையேல் அது மெலிந்துவிடும். இந்தப் பெயரில் தேவைப்படாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனமில்லை: சிறிய ‘ஐ’யின் புள்ளி வட்டமல்ல, சாய்சதுரம், பட்டை முனைப் பேனாவின் தடம் அதில் அப்படியே தெரிகிறது.

படி 4: மிகுந்த பொறுமை வேண்டிய இடம் இதுதான், ஏனெனில் எழுத்திடைவெளியை அளவுகோலால் தீர்க்க முடியாது. ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனி டிரேசிங் தாளில் எடுத்து, நகர்த்திப் பாருங்கள். ‘ஏ’யின் அடியும் ‘எல்’லின் தண்டும் நெருங்கினாலும் மேலே முக்கோணமாக வெற்றிடம் எஞ்சும், அந்த இணையை முதலில் நிறுத்திவிட்டு, மற்ற இடைவெளிகளின் பரப்பையும் அதற்கு ஈடாகக் கண்ணளவில் சரிசெய்யுங்கள். ‘வி’, ‘ஏ’ இரண்டின் சாய்வுகளும் ஒன்றையொன்று ஒட்டிச் செல்வதால் அவற்றை நன்றாகவே நெருக்கலாம்.

படி 5: 1908-இல் நடைமேடைகளில் வந்த பலகை, நிரப்பிய சிவப்பு வட்டத்தின் குறுக்கே நீலப் பட்டையும் அதில் வெள்ளை எழுத்தும் கொண்டது, வட்டத்தை வளையமாக்கியது ஜான்ஸ்டனின் பிற்கால மாற்றம். நீலத்தின் மேல் வெள்ளை எழுத்து சற்றுத் தடித்துத் தெரியும் என்பதால், வண்ணம் பூசும்போது நீலம் பென்சில் கோட்டையும் மூடும்படி பூசுங்கள்.